டிரேடிங்கையே தொழிலாகக் கொண்டவர்கள்: நாட்டுக்கு நாடு வரியும் வாழ்க்கையும்

வேலையை விட்டுவிட்டுப் பங்குச் சந்தை வர்த்தகத்தையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் பலர், அடுத்ததாகக் கேட்பது எந்த நாட்டில் இருந்தால் வரி குறைவு என்பதைத்தான். துபாயில் வருமான வரியே கிடையாது, சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை, பிரிட்டனில் ஸ்ப்ரெட் பெட்டிங் லாபத்துக்கு வரி இல்லை என்று ஒரு பட்டியல் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவை பொய் இல்லை. ஆனால் வரி விகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நாட்டில் ஒரு தனி டிரேடரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டால் விடை தவறாகவே வரும். அவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பலவற்றுள் லாபத்தின் மீதான வரியும் ஒன்று, அவ்வளவுதான்; நட்டத்தை அந்த நாட்டுச் சட்டம் எப்படி நடத்துகிறது, லாபமோ நட்டமோ ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, நோயிலும் முதுமையிலும் அரசின் ஏட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்பவை பல சமயம் அதைவிடக் கனமானவை.

தனி டிரேடர் என்று இங்கே நான் சொல்வது, சொந்தப் பணத்தைக் கொண்டு, சொந்தக் கணக்கில், யாரிடமும் சம்பளம் வாங்காமல் வர்த்தகம் செய்து, வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அந்த வருமானத்திலிருந்தே கட்ட நினைப்பவரை. ஓய்வு நேரத்தில் பங்கு வாங்கி வைப்பவரின் கணக்கு வேறு.

இந்தத் தொழிலில் நட்டமே பெரும்பான்மை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி வெளியிட்ட ஆய்வின்படி, பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்கையோ குறியீட்டையோ பின்னாளில் ஒரு விலைக்கு வாங்க, விற்க இப்போதே செய்துகொள்ளும் ஒப்பந்தமும், அப்படி வாங்க, விற்க ஓர் உரிமையும்) பிரிவில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். அவர்களது மொத்த நட்டம் ரூ.1.8 லட்சம் கோடியைத் தாண்டியது; செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம் மட்டுமே. ஐரோப்பியப் பத்திரச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் சிஎஃப்டி (பங்கை வாங்காமலே அதன் விலை மாற்றத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஒப்பந்தம்) வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டத்தில் முடிவதாகச் சொன்னது. பிரேசிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில், ஒரே நாளுக்குள் வாங்கி விற்கும் டே டிரேடிங் தொடங்கி, 300 நாள்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அவர்களில் 97 சதவீதத்தினர் பணத்தை இழந்ததையும், 1.1 சதவீதத்தினர் மட்டுமே அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம் ஈட்டியதையும் கண்டனர். ஆகவே லாபத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பவர் நூற்றில் சிலருக்கே பொருந்தும் கேள்வியைக் கேட்கிறார். நட்டப்பட்ட ஆண்டில் என்ன ஆகும் என்பதுதான் எல்லாருக்கும் பொருந்தும் கேள்வி.

இந்திய வருமான வரிச் சட்டம் ஒரே டிரேடரை மூன்று ஆளாகப் பிரித்துப் பார்க்கிறது. டெலிவரி எடுத்து, அதாவது பங்கைத் தன் கணக்கில் வாங்கி வைத்து, ஓராண்டுக்குள் விற்றால் அது குறுகிய கால மூலதன ஆதாயம்; 2024 ஜூலை 23 முதல் அதற்கு 20 சதவீத வரி. காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் இன்ட்ராடே, ஊக வணிக வருமானம். அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில் செய்யப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகமோ ஊக வணிகம் அல்லாத சாதாரணத் தொழில் வருமானம். பெயர்களில்தான் வித்தியாசம் என்று தோன்றும்; நட்டம் வரும்போதுதான் வித்தியாசத்தின் கனம் தெரியும். இன்ட்ராடே நட்டத்தை வேறொரு ஊக வணிக லாபத்தோடு மட்டுமே ஈடுகட்டலாம், அதுவும் நான்கு ஆண்டுகளுக்குள். எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் நட்டத்தைச் சம்பளம் நீங்கலாக வாடகை, வட்டி போன்ற மற்ற வருமானங்களோடு அதே ஆண்டில் ஈடுகட்டலாம். மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை தொழில் வருமானத்துக்கு எதிராகக் கொண்டுசெல்லலாம். இரண்டு நட்டத்தையும் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லப் பொதுவான நிபந்தனை, வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பது. நட்டம்தானே, எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆடிட்டரிடம் போகாமல் விட்டுவிடுகிறவர், அந்த நட்டத்தால் பின்னாளில் கிடைக்கக்கூடிய ஒரே பயனையும் கைவிட்டுவிடுகிறார்.

2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், 12 லட்சம் ரூபாய் வரை மொத்த வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி எதுவும் இல்லை. ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் செலவு போக 11 லட்சம் ஈட்டிய ஒருவர் வருமான வரியாக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அதே 11 லட்சத்தை, பங்குகளை டெலிவரி எடுத்துச் சில மாதங்கள் வைத்திருந்து விற்றுச் சம்பாதித்தவருக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. வேறு வருமானமே இல்லையென்றால் அடிப்படை விலக்கான 4 லட்சம் கழித்து, மீதி 7 லட்சத்துக்கு 20 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து ரூ.1,45,600 கட்ட வேண்டும். அதிக ஆபத்துள்ள வர்த்தகத்துக்குச் சலுகையும், ஒப்பீட்டளவில் நிதானமான வர்த்தகத்துக்குச் சுமையும் ஒரே சட்டத்தில் இப்படி அமைந்திருப்பது சரியென்று எனக்குப் படவில்லை. ஒருபுறம் செபி, குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியும், ஒரு சந்தைக்கு ஒரு வாராந்திர எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) என்று குறைத்தும், சிறு வர்த்தகர்களை ஆப்ஷன்ஸிலிருந்து விலக்கப் பார்க்கிறது; மறுபுறம் வருமான வரி எதிர்த்திசையில் இழுக்கிறது.

ஆனால் இந்தியாவில் டிரேடரிடமிருந்து உண்மையில் பணத்தை எடுப்பது வருமான வரி அல்ல. 2004-இல் அறிமுகமான பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, லாபமா நட்டமா என்று கேட்பதே இல்லை. ஆப்ஷன்ஸ் விற்கும்போது அதன் விலையான பிரீமியத்தின் மீது அது 0.0625 சதவீதமாக இருந்து, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதமாகவும், 2026 ஏப்ரல் 1 முதல் 0.15 சதவீதமாகவும் உயர்ந்தது. நாளொன்றுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் பிரீமியத்துக்கு ஆப்ஷன் விற்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளின் விற்பனை 5 லட்சம், பழைய 0.1 சதவீதக் கணக்கில்கூட எஸ்டிடி 500 ரூபாய். ஆண்டுக்கு 240 வர்த்தக நாள்கள் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஆண்டு முடிவில் அவர் லாபத்தில் இருந்தாலும், பூஜ்யத்தில் இருந்தாலும், வீட்டு நகையை அடகு வைத்திருந்தாலும் அந்தத் தொகை போனது போனதுதான். புரோக்கரேஜ், சந்தைக் கட்டணம், அவற்றின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனி. எஸ்டிடியைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாமே என்பார்கள். கழிக்கலாம், ஆனால் 12 லட்சத்துக்குக் கீழே எப்படியும் வரி இல்லாதவருக்கு அந்தக் கழிவால் அந்த ஆண்டு மிச்சமாவது ஒன்றுமில்லை. செபியின் ஆய்வில் எஃப் அண்ட் ஓ வர்த்தகர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று தெரிவித்தவர்கள். 2023-24-இல் பரிவர்த்தனைச் செலவாக மட்டும் ஒவ்வொருவரும் சராசரியாக 26,000 ரூபாய் செலவிட்டிருக்கிறார்கள். வருமான வரி வரம்புக்கு வெளியே நிற்பவர்கள், வருமானமே இல்லாத வர்த்தகத்தின் வழியாக வரியும் கட்டணமும் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

வாழ்க்கைத் தரத்தின் மறுபாதியைப் பார்த்தால், இந்தியாவில் முழுநேர டிரேடருக்குப் பின்னால் யாரும் இல்லை. சம்பளக்காரருக்கு நிறுவனத்தின் பங்காக வரும் வருங்கால வைப்பு நிதி இல்லை, இஎஸ்ஐ இல்லை, பணிக்கொடை இல்லை. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டைத் தானே வாங்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது ஒரு சிறு ஆறுதல். பிபிஎஃப், தேசிய ஓய்வூதியத் திட்டம் போன்றவை அவருக்கும் திறந்திருக்கின்றன. ஆனால் மாதாமாதம் கட்டாயமாகப் பிடித்தம் செய்ய ஆள் இல்லாதபோது, நல்ல மாதத்தில் சேமிக்க வேண்டியதை அடுத்த டிரேடுக்கு மார்ஜினாக (முன்பணயமாக) வைக்கத்தான் கை போகும். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி முந்தைய ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகளைக் கேட்கும். ஓராண்டு 14 லட்சம் லாபமும் மறு ஆண்டு 3 லட்சம் நட்டமும் காட்டும் கணக்கு, மாதம் 40,000 ரூபாய் சம்பளச் சீட்டின் முன்னால் நிற்பதில்லை.

பிரிட்டனின் கதை வேறு. அங்கே 1925-இல் கிரகாம் எதிர் கிரீன் என்ற வழக்கில், குதிரைப் பந்தயத்தில் பந்தயம் கட்டியே பிழைத்துவந்த ஒருவரின் வருமானத்துக்கு வரி உண்டா என்ற கேள்வி எழுந்தது. பந்தயம் கட்டுவது ஒரு தொழில் ஆகாது, ஆகவே அதில் வந்த பணம் தொழில் வருமானம் ஆகாது என்று நீதிபதி ரௌலட் தீர்ப்பளித்தார். ஒரு நூற்றாண்டு கழித்தும் ஸ்ப்ரெட் பெட்டிங் செய்பவர்களுக்கு அந்தக் கொள்கையே குடையாக இருக்கிறது. பங்கையோ நாணயத்தையோ வாங்காமல், அதன் விலை எந்தப் பக்கம் எத்தனை புள்ளி நகரும் என்று நிறுவனத்தோடு பந்தயம் கட்டுவதே ஸ்ப்ரெட் பெட்டிங். சட்டத்தின் கண்ணில் அது பந்தயம் என்பதால் மூலதன ஆதாய வரியும் இல்லை, பங்கு வாங்கும்போது கட்டும் 0.5 சதவீத முத்திரைத் தீர்வையும் இல்லை. அதே விலை நகர்வை சிஎஃப்டி என்ற ஒப்பந்தத்தின் மூலம் பிடித்தால் மூலதன ஆதாய வரி உண்டு. அந்த வரி 2024 அக்டோபர் 30 முதல் வருமான அடுக்கைப் பொறுத்து 18 அல்லது 24 சதவீதம். ஆண்டு விலக்கும் 2022-23-இல் 12,300 பவுண்டாக இருந்தது, இரண்டே ஆண்டுகளில் 3,000 பவுண்டாகச் சுருங்கிவிட்டது.

வரி இல்லை என்ற இந்தச் சலுகைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. லாபத்துக்கு வரி போட்டால் நட்டத்தைக் கழித்துக்கொள்ளவும் அனுமதிக்க வேண்டும். பத்தில் ஏழெட்டுப் பேர் நட்டப்படும் களத்தில் அப்படி அனுமதித்தால் கருவூலம்தான் இழக்கும். ஆகவே தனிநபரை விட்டுவிட்டு, நிதி சார்ந்த ஸ்ப்ரெட் பெட்டிங் நடத்தும் நிறுவனங்களின் நிகர வரவில் 3 சதவீதத்தைப் பந்தயத் தீர்வையாக அரசு வாங்கிக்கொள்கிறது. ஸ்ப்ரெட் பெட்டிங்கில் 20,000 பவுண்டு இழந்தவர், அதே ஆண்டு பங்கு விற்றதில் வந்த 20,000 பவுண்டு லாபத்தோடு அதை ஈடுகட்ட முடியாது. வரியில்லாத லாபம் வேண்டுமென்றால் ஈடில்லாத நட்டத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதுமையைப் பற்றிய கணக்கு இதைவிட முக்கியம். பிரிட்டனின் அரசு ஓய்வூதியம், தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு செலுத்திய ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. குறைந்தது 10 ஆண்டுகள் இருந்தால்தான் ஏதேனும் கிடைக்கும், முழுத்தொகைக்கு 35 ஆண்டுகள் வேண்டும். ஸ்ப்ரெட் பெட்டிங் தொழிலே அல்ல என்று சொன்ன சட்டம், அதில் கழிந்த ஆண்டுகளையும் உழைத்த ஆண்டுகளாக எண்ணுவதில்லை. இருபது ஆண்டுகள் வரி கட்டாமல் வென்றவரின் ஏட்டில் அந்த இருபது ஆண்டுகளும் வெற்றிடமாகத்தான் இருக்கும். அதை நிரப்பிக்கொள்ள மூன்றாம் வகுப்புத் தன்னார்வப் பங்களிப்பு என்ற வழி இருக்கிறது. 2025-26-இல் அது வாரத்துக்கு 17.75 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 923 பவுண்டு. அந்த ஆண்டு முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண்டு என்பதைப் பார்த்தால் இவ்வளவு மலிவான முதுமைக் காப்பு சந்தையில் எங்கும் கிடைக்காது. ஆனால் யாரும் பிடித்தம் செய்து கட்ட மாட்டார்கள். தானாக நினைவு வைத்துக் கட்ட வேண்டும். மருத்துவத்தைப் பொறுத்தவரை பிரிட்டனில் அவருக்குக் கவலை இல்லை, ஏனென்றால் தேசிய மருத்துவச் சேவை பங்களிப்பைப் பார்ப்பதில்லை, குடியிருப்பைத்தான் பார்க்கிறது.

ஜெர்மனியில் 2009 முதல் மூலதன வருமானத்துக்கு ஒரே சீரான 25 சதவீத வரி. ஒற்றுமை மேல்வரியையும் சேர்த்தால் 26.375 சதவீதம். வங்கியே பிடித்துக் கட்டிவிடும். 2023 முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ விலக்கு. படித்தவுடன் எளிமையான, ஒழுங்கான முறையாகத் தெரியும். ஆனால் 2021 முதல் அங்கே அமலில் இருந்த ஒரு விதி, வரி விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் எவ்வளவு ஏமாறக்கூடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான உதாரணம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ், சிஎஃப்டி போன்ற ஒப்பந்தங்களில் வந்த நட்டத்தை, அதே வகை ஒப்பந்தங்களின் லாபத்தோடு ஆண்டுக்கு 20,000 யூரோ வரை மட்டுமே ஈடுகட்டலாம் என்றது அந்த விதி. ஓராண்டில் வென்ற டிரேடுகளில் 1,00,000 யூரோ லாபமும், தோற்ற டிரேடுகளில் 90,000 யூரோ நட்டமும் கண்ட ஒருவரின் கையில் மிஞ்சியது 10,000 யூரோ. ஆனால் நட்டத்தில் 20,000 மட்டுமே கணக்கில் சேரும் என்பதால் 80,000 யூரோவுக்கு வரி, 26.375 சதவீதத்தில் அது 21,100 யூரோ. சம்பாதித்ததைப் போல இரு மடங்குக்கும் மேல் வரி கட்ட வேண்டிய நிலை. வென்ற டிரேடுகளும் தோற்ற டிரேடுகளும் கலந்தே இருப்பதுதான் இந்தத் தொழிலின் இயல்பு என்பதால், முழுநேரமாகச் செய்பவர்களையே இது குறிவைத்து அடித்தது போலாயிற்று. மீதி நட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம் என்ற ஏற்பாடு, இந்த ஆண்டு கையில் இல்லாத பணத்தை வரியாகக் கட்டச் சொல்லும்போது பயன்படுவதில்லை. 2024 ஜூனில் ஜெர்மனியின் உச்ச வரி நீதிமன்றம் இந்த விதி அரசமைப்புக்கு உட்பட்டதுதானா என்று ஐயம் தெரிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் நாடாளுமன்றமே விதியை நீக்கியது. நான்கு ஆண்டுகள் விகிதம் மாறாமல் அப்படியே இருந்தது. மாறியது நட்டத்தைக் கணக்கிடும் முறை மட்டும்தான்.

அதே ஜெர்மனியில், அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் தன்னார்வ உறுப்பினராக இருக்கும் டிரேடர் தன் மூலதன வருமானம் உட்பட மொத்த வருமானத்தின் மீதும், ஓர் உச்சவரம்பு வரை, பங்களிப்பு செலுத்த வேண்டும். வருமானமே இல்லாத ஆண்டிலும் குறைந்தபட்சப் பங்களிப்பு உண்டு. வரியோடு சேர்த்துப் பார்த்தால் கனமான தொகைதான். ஆனால் நட்டப்பட்ட ஆண்டில் நோய் வந்தாலும் சிகிச்சைக்காக டிரேடிங் கணக்கை உடைக்க வேண்டியிருக்காது.

அமெரிக்காவில் நிலைமை ஏறத்தாழ பிரிட்டனைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது. ஓராண்டுக்குள் விற்ற லாபம் சாதாரண வருமானத்தோடு சேர்ந்து 37 சதவீதம் வரையிலான அடுக்குகளில் வரிக்கு உட்படும்; கலிஃபோர்னியாவில் வாழ்ந்தால் மாநில வரி வேறு, டெக்சாஸிலோ ஃபுளோரிடாவிலோ வாழ்ந்தால் அது இல்லை. குறியீட்டு ஆப்ஷன்ஸ், ஃபியூச்சர்ஸ் போன்றவற்றின் லாபத்தில் 60 சதவீதத்தை நீண்ட கால ஆதாயமாகவும் 40 சதவீதத்தைக் குறுகிய கால ஆதாயமாகவும் கருதும் சலுகை உண்டு. நட்டத்தைப் பொறுத்தவரை, மற்ற மூலதன ஆதாயங்களோடு ஈடுகட்டியது போக, ஆண்டுக்கு 3,000 டாலரை மட்டுமே சாதாரண வருமானத்திலிருந்து கழிக்கலாம். பல பத்தாண்டுகளாக மாறாத தொகை அது. 60,000 டாலர் இழந்துவிட்டு வர்த்தகத்தையே விட்டவர், வேறு ஆதாயம் இல்லையென்றால் அதைக் கழித்து முடிக்க 20 ஆண்டுகள் ஆகும்.

இதிலிருந்து தப்ப, தொழில்முறை டிரேடராகத் தகுதி பெறுபவர்களுக்கு 475(எஃப்) என்ற பிரிவில் ஒரு வழி இருக்கிறது: ஆண்டு இறுதியில் கையில் உள்ள எல்லாப் பங்குகளையும் ஒப்பந்தங்களையும் அன்றைய சந்தை விலையில் விற்றதாகக் கருதிக் கணக்கிட ஒப்புக்கொண்டால், நட்டம் முழுவதும் சாதாரணத் தொழில் நட்டமாகிவிடும், 3,000 டாலர் வரம்பும் இல்லை, விற்ற 30 நாள்களுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கினால் நட்டத்தை ஏற்காத விதியும் இல்லை. ஆனால் அந்தத் தேர்வை அந்த ஆண்டின் ஏப்ரல் நடுவிலேயே, முந்தைய ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள், தெரிவித்துவிட வேண்டும். நவம்பரில் நட்டப்பட்ட பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

டிரேடிங் லாபத்துக்கு அமெரிக்காவில் 15.3 சதவீதச் சுயதொழில் வரி கிடையாது என்பதைப் பலரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அந்த வரிதான் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் தகுதி சேர்ப்பது. பத்தாண்டு உழைப்புக்கு நிகரான 40 தகுதிப் புள்ளிகள் வேண்டும். டிரேடிங் வருமானம் உழைப்பு வருமானமாகக் கருதப்படாததால், அதை மட்டும் வைத்து ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலக் கணக்கிலும் பணம் போட முடியாது. அறுபத்தைந்து வயது வரை மருத்துவக் காப்பீட்டைத் தானே வாங்க வேண்டும். அரசு மானியம், வரப்போகும் ஆண்டின் வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டுச் சொல்வதைப் பொறுத்தது. பிறகு கணக்குத் தாக்கலின்போது நேர்செய்யப்படும். அடுத்த வாரத்தின் வருமானமே தெரியாத ஒருவரிடம் அடுத்த ஆண்டின் வருமானத்தைக் கேட்கும் முறை இது. பிரிட்டிஷ் டிரேடருக்கு இல்லாத மருத்துவக் கவலை, அமெரிக்க டிரேடரின் மாதச் செலவில் பெரிய தொகையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜப்பானில் வலிப்பது, வருமானம் வரும் ஆண்டுக்கும் அதற்கான சீட்டு வரும் ஆண்டுக்கும் இடையிலான காலத்தாழ்ச்சி. பட்டியலிட்ட பங்குகளுக்கும், 2012 முதல் உள்நாட்டு நிறுவனங்கள் வழியான அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கும் 20.315 சதவீதம், நட்டத்தை மூன்று ஆண்டுகள் கொண்டுசெல்லலாம். ஆனால் உள்ளூர்க் குடியிருப்பு வரியும் தேசிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. நன்றாகச் சம்பாதித்த ஆண்டுக்கான சீட்டு, நட்டப்பட்ட ஆண்டில் வீட்டுக் கதவைத் தட்டும். அனுபவமுள்ள ஜப்பானிய டிரேடர் அந்தப் பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருப்பார். ஓய்வூதியம் மட்டும் வருமானத்தைப் பார்ப்பதில்லை. சுயதொழில் செய்வோர் எல்லாருக்கும் ஒரே தொகை, 2025-26-இல் மாதம் 17,510 யென்.

மேலே சொன்ன பிரேசிலில் டே டிரேடிங் லாபத்துக்கு 20 சதவீதம். ஆண்டு இறுதிவரை காத்திருக்காமல் மாதாமாதம் தானே கணக்கிட்டுக் கட்ட வேண்டும். டே டிரேடிங் நட்டத்தை டே டிரேடிங் லாபத்தோடு மட்டுமே ஈடுகட்டலாம். ஆனால் கால வரம்பு இல்லை. தைவானில் மூலதன ஆதாய வரி இல்லை. விற்பனை மதிப்பில் 0.3 சதவீதம் பரிவர்த்தனை வரி, ஒரே நாளில் வாங்கி விற்றால் 2017 முதல் அதில் பாதி. லாபத்துக்கு வரி இல்லை என்று விளம்பரப்படுத்தக்கூடிய நாடு. ஆனால் நாளுக்குப் பலமுறை வாங்கி விற்பவருக்கு அந்த 0.15 சதவீதம் எந்த வருமான வரியையும்விடக் கனமாக இருக்கும்.

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை என்பது சரி. வர்த்தகமே ஒருவரின் தொழில் என்று வரி ஆணையம் முடிவுசெய்தால், எத்தனை முறை, எவ்வளவு காலம் வைத்திருந்து, எந்த நோக்கத்தில் வாங்கி விற்றார் என்பதையெல்லாம் பார்த்து, வந்தது தொழில் வருமானம் என்று வரி கேட்கலாம். உச்ச விகிதம் 24 சதவீதம். அப்படியே வரி இல்லாமல் போனாலும் மிஞ்சியதை வைத்து வாழ வேண்டிய ஊர் சிங்கப்பூர். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்கு மட்டும் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் போன மாதங்கள் உண்டு. 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம்.

நம்மவர்கள் அதிகம் கனவு காணும் ஊர் துபாய். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. 2023 ஜூன் முதல் வந்த 9 சதவீத நிறுவன வரி, தனிநபரின் சொந்த முதலீட்டு வருமானத்தைத் தொடுவதில்லை. 2018 முதல் 5 சதவீத வாட் வரி மட்டும் அன்றாடச் செலவில் இருக்கிறது. ஆனால் அங்கே வெளிநாட்டவருக்கு அரசு ஓய்வூதியம் இல்லை. நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஊர் திரும்பும்போது கிடைக்கும் பணிக்கால முடிவுப் பணமும் தனி டிரேடருக்கு இல்லை, ஏனென்றால் கொடுப்பதற்கு முதலாளி இல்லை. விசாவுக்கு ஒரு வழி, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் நல்ல மாதமானாலும் கெட்ட மாதமானாலும் ஒரே அளவில் வரும். வருமானம் ஏறி இறங்கும் ஒருவருக்கு நிலையான செலவுகள் அதிகமுள்ள ஊர் எவ்வளவு ஆபத்தானது என்பது முதல் தொடர் நட்டத்தின்போது தெரியும்.

அங்கே உட்கார்ந்துகொண்டு இந்தியச் சந்தையில் வர்த்தகம் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் பங்குகளில் இன்ட்ராடே செய்ய அனுமதி இல்லை. டெலிவரி எடுத்துத்தான் விற்க முடியும். அந்தக் குறுகிய கால ஆதாயத்துக்கு இந்தியா 20 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். அடிப்படை விலக்கை அந்த ஆதாயத்தோடு ஈடுகட்டும் சலுகையும், 12 லட்சம் வரையிலான தள்ளுபடியும் இந்தியாவில் வசிப்பவருக்கே உரியவை. எஸ்டிடி எங்கிருந்து ஆர்டர் போட்டாலும் அதே விகிதம்.

மதுரையிலோ கோவையிலோ இருந்துகொண்டு ஆப்ஷன்ஸில் ஆண்டுக்கு 10 லட்சம் ஈட்டும் ஒருவருக்கு இப்போதே வருமான வரி பூஜ்யம். துபாயின் பூஜ்யம் அவருக்குப் புதிதாக எதையும் தராது. ஆண்டுக்கு 24 லட்சத்தைத் தாண்டி, 30 சதவீத அடுக்கில் கணிசமான தொகையைக் கட்டுகிறவருக்கே இடம் மாறுவதில் பெரிய அளவு பணம் மிஞ்சும். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் பார்த்தவர்களே நூற்றில் ஒருவர் என்று செபி கணக்கிட்ட கூட்டத்தில், அந்த அடுக்கில் ஆண்டுதோறும் தொடர்ந்து நிற்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை, டிக்கெட் போடுவதற்கு முன்னால் தன் மூன்று ஆண்டு வரிக் கணக்கை எடுத்துவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.